பயிற்சி வகுப்புகளுக்கான தற்காலிகக் கணினிக் கணக்குகள்

பயிற்சி வகுப்புகளுக்கான தற்காலிகக் கணினிக் கணக்குகள் என்பவை, ஒரு வகுப்பு நடைபெறும் காலத்துக்கு மட்டும் பயன்படும் வகையில் பலபயனர் கணினியிலோ கணினி வலையமைப்பிலோ உருவாக்கப்பட்டு, வகுப்பு முடிந்தபின் நீக்கப்படும் பயனர் கணக்குகள் ஆகும். ஒருநாள் பட்டறை முதல் ஓர் அரையாண்டுப் பாடம் வரை இவற்றின் காலம் வேறுபடும். இக்கணக்குகளை ஒவ்வொன்றாகக் கையால் உருவாக்காமல், பெயர்ப்பட்டியலை உள்ளீடாகக் கொண்டு ஒரு நிரலின் மூலம் மொத்தமாக உருவாக்குவதும், காலாவதியாக்குவதும், நீக்குவதும் கணக்குத் தானியக்கம் எனப்படும். இக்கட்டுரை பெரும்பாலும் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகின்றது. விண்டோஸ், அடைவுச் சேவைகள் ஆகியவை பிற்பகுதியில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

தேவை

பள்ளி, கல்லூரி, நிறுவனப் பயிற்சி மையம் ஆகியவற்றின் கணினிக்கூடங்களில் ஒரே கணினித் தொகுதியைப் பல வகுப்புகள் அடுத்தடுத்துப் பயன்படுத்துகின்றன. ஒரு கணக்கை உருவாக்கிக் கடவுச்சொல் இட்டுச் சரிபார்க்க நான்கு நிமிடம் ஆகும் எனக் கொண்டால், 30 பேர் கொண்ட வகுப்புக்கு இரண்டு மணி நேரம் தேவைப்படும். கையால் செய்யும்போது எழுத்துப்பிழை, விடுபட்ட பெயர், தவறான குழு போன்ற பிழைகளும் நேர்கின்றன.

எனினும் தானியக்கத்தின் முதன்மையான பயன் நேரச் சேமிப்பு அன்று. கணக்குகளை உருவாக்கத் தாமதமானால் வகுப்பின் முதல் மணியிலேயே முறையீடு எழும். நீக்கத் தாமதமானாலோ எவரும் கேட்பதில்லை. இதனால் கையால் நடத்தப்படும் அமைப்புகளில் உருவாக்கம் முறையாக நடக்க, நீக்கம் மறக்கப்படுகின்றது. பயன்படுத்துவோர் இல்லாத கணக்குகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன. அவற்றின் கடவுச்சொற்கள் வகுப்பில் பலருக்கும் தெரிந்தவையாக இருக்கக்கூடும். உரியவர் மீண்டும் நுழையாததால், வேறொருவர் அக்கணக்கைப் பயன்படுத்தினாலும் கண்டறிய வாய்ப்புக் குறைவு.

வரலாறு

ஒரே கணினியைப் பலர் தனித்தனிக் கணக்குகளில் பயன்படுத்தும் முறை நேரப்பகிர்வு முறைமைகளுடன் தோன்றியது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவான நேரப்பகிர்வு முறைமை 1961இல் செய்து காட்டப்பட்டது. பயனர்களின் கோப்புகளைப் பிரித்துக் காக்க இதில் கடவுச்சொற்கள் பயன்படுத்தப்பட்டன. 1962இல் அங்கு ஆய்வாளராக இருந்த ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கப்பட்ட வாராந்தரக் கணினி நேரம் போதாமையால், கடவுச்சொல் கோப்பை அச்சிட்டு எடுத்துப் பிறர் கணக்குகளில் நுழைந்து வேலை செய்தார். கணக்கு ஒதுக்கீடு குறைந்தால் பயனர்கள் பிறர் கணக்கை நாடுவர் என்பதற்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டு.

1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் ஆகியோர் நேரப்பகிர்வு முறைமையையும் பேசிக் நிரல்மொழியையும் அறிமுகப்படுத்தினர். அறிவியல் மாணவர்களுக்கு மட்டுமன்றி எல்லா மாணவர்களுக்கும் கணினியைத் திறந்துவிடுவது இதன் நோக்கம். 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கப்பட்ட யுனிக்ஸ் இயங்குதளம் பின்னர்ப் பல்கலைக்கழகங்களில் பரவியது. பயனர் விவரங்களை எளிய உரைக்கோப்பில் வைக்கும் அதன் முறை, கணக்குகளை நிரல் மூலம் கையாள்வதற்கு ஏற்றதாக அமைந்தது.

1983இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி 1991 வரை நடந்த அதீனா திட்டம், மாணவர் கணக்குகளை மொத்தமாகக் கையாள்வதில் குறிப்பிடத்தக்கது. அதில் ‘மொய்ரா’ என்னும் நிர்வாகத் தரவுத்தளம் பயன்படுத்தப்பட்டது. பதிவாளர் அலுவலகத்தின் மாணவர் பட்டியல் முன்கூட்டியே தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டது. மாணவர் ஒரு பணிநிலையத்துக்குச் சென்று தம் பெயரையும் அடையாள எண்ணையும் தந்து கணக்கைத் தாமே செயற்படுத்திக்கொண்டார். அலுவலகப் பட்டியலே கணக்குகளின் மூலம் என்னும் இக்கொள்கை இன்றைய முறைகளிலும் தொடர்கின்றது.

1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் என்னும் அடைவு அணுகல் நெறிமுறை உருவாக்கப்பட்டது. 2000இல் விண்டோஸ் 2000 உடன் மைக்ரோசாப்டின் ஆக்டிவ் டைரக்டரி வெளிவந்தது. இவற்றின் மூலம், ஒருமுறை உருவாக்கிய கணக்கை வலையமைப்பின் எல்லாக் கணினிகளிலும் பயன்படுத்த முடிந்தது.

கணக்கின் உறுப்புகள்

லினக்ஸில் ஒரு கணக்கு என்பது ஒரு பெயர் மட்டும் அன்று. அது பல இடங்களில் பரவிக் கிடக்கும் தரவுகளின் தொகுப்பு ஆகும். முழுமையாக நீக்க வேண்டுமெனில் அவை அனைத்தையும் அறிந்திருத்தல் தேவை.

• பயனர் கோப்பு: ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி. முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள் கொண்டது. அவை பயனர் பெயர், கடவுச்சொல்லுக்கான இடம், பயனர் எண், குழு எண், குறிப்பு, வீட்டு அடைவு, தொடக்கக் கட்டளைத்தளம்.
• நிழற்கோப்பு: கடவுச்சொல்லின் மறைவடிவமும் காலக்கெடு விவரங்களும் கொண்டது. நிர்வாகி மட்டுமே படிக்கக்கூடிய இக்கோப்பில் ஒன்பது புலங்கள் உள்ளன. எட்டாவது புலம் கணக்குக் காலாவதியாகும் நாள்.
• குழுக் கோப்பு: பயனர் எந்தெந்தக் குழுக்களில் உள்ளார் என்பது.
• வீட்டு அடைவு: பயனரின் சொந்தக் கோப்புகள்.
• வெளியே உள்ளவை: அஞ்சற்பெட்டி, நேர அட்டவணைப் பணிகள், தற்காலிக அடைவில் விட்ட கோப்புகள், தரவுத்தளக் கணக்குகள், இயங்கிக்கொண்டிருக்கும் செயல்கள்.

இயங்குதளம் கோப்புகளின் உரிமையைப் பெயரால் அன்றி எண்ணால் குறித்து வைக்கின்றது. ஒரு கோப்பின் உரிமையாளர் ‘கவிதா’ என்று திரையில் தெரிந்தாலும், வட்டில் பதிவாகியிருப்பது 1012 போன்ற ஓர் எண்ணே. இந்த எளிய உண்மையிலிருந்து பின்னர்க் கூறப்படும் முக்கியமான சிக்கல் ஒன்று எழுகின்றது.

உருவாக்கம்

பெயர்ப்பட்டியல்

தானியக்கத்தின் உள்ளீடு பெரும்பாலும் ஒரு விரிதாளிலிருந்து எடுக்கப்பட்ட, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட உரைக்கோப்பு ஆகும். அதில் வகுப்பின் குறியீடு, பயிலுநர் பெயர், தொடக்க நாள், முடிவு நாள் ஆகியவை இருந்தால் போதுமானது. முடிவு நாள் இல்லாத வரியை நிரல் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது சிறந்த நடைமுறை ஆகும். முடிவு நாளைப் பின்னர்ச் சேர்க்கலாம் என விட்டால் அது சேர்க்கப்படாமலே போகும்.

விண்டோஸில் சேமிக்கப்பட்ட உரைக்கோப்பின் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் குறி இருக்கும். கடைசிப் புலம் கடவுச்சொல்லாக இருந்தால் அக்குறி கடவுச்சொல்லோடு சேர்ந்துவிடும். தாளில் உள்ள கடவுச்சொல்லைப் பிழையின்றித் தட்டச்சிட்டாலும் வகுப்பில் ஒருவராலும் நுழைய முடியாது. யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் சில மென்பொருள்கள் இடும் வரிசைக்குறியும் முதல் பயனர் பெயரைக் கெடுக்கும். ஆகவே பட்டியலைப் படித்தவுடன் இக்குறிகளை நீக்குவது நிரலின் முதல் வேலை.

பெயரிடல்

லினக்ஸ் பயனர் பெயர்கள் வழக்கமாகச் சிறிய இலத்தீன் எழுத்தில் தொடங்கி 32 எழுத்துகளுக்கு மிகாமல் அமைகின்றன. முதற்பெயரின் ஓர் எழுத்தும் குடும்பப் பெயரும் சேர்ந்த மேலைநாட்டு முறை, குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து இடும் தமிழ்ப் பெயர்களுக்குப் பொருந்துவதில்லை. மு. கவிதா, மா. கவிதா ஆகிய இருவரும் ஒரே வகுப்பில் இருந்தால் இலத்தீன் எழுத்தில் இருவருக்கும் ஒரே பெயர் அமைந்துவிடும். எனவே குறுகிய கால வகுப்புகளுக்கு வகுப்புக் குறியீடும் வரிசை எண்ணும் சேர்ந்த பெயரே ஏற்றது. எந்தப் பெயர் எந்த வகுப்பினது என்பதும் பெயரிலிருந்தே தெரியும். யார் எந்த எண்ணைப் பயன்படுத்தினார் என்பதைத் தனிப் பதிவேட்டில் வைக்க வேண்டும்.

கட்டளைகள்

லினக்ஸில் ‘யூசர்ஆட்’ என்னும் கட்டளை ஒரு கணக்கை உருவாக்கும். வீட்டு அடைவை அமைத்தல், குழுவில் சேர்த்தல், காலாவதி நாளை இடுதல் ஆகியவற்றை இதன் விருப்பக்குறிகளால் ஒரே கட்டளையில் செய்யலாம். ‘நியூயூசர்ஸ்’ என்னும் கட்டளை, பயனர் கோப்பின் அமைப்பிலேயே உள்ள ஒரு பட்டியலைப் படித்து மொத்தமாகக் கணக்குகளை உருவாக்கும். ‘சிஎச்பாஸ்வேர்டு’ என்னும் கட்டளை, பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட வரிகளை உள்ளீட்டிலிருந்து படித்துக் கடவுச்சொற்களை மாற்றும்.

யூசர்ஆட் கட்டளையின் கடவுச்சொல் விருப்பக்குறி, ஏற்கனவே மறைவடிவமாக்கப்பட்ட கடவுச்சொல்லையே எதிர்பார்க்கின்றது. அங்கு சாதாரணக் கடவுச்சொல்லைத் தந்தால் பிழைச்செய்தி வராது, ஆனால் பயனரால் நுழைய முடியாது. மேலும், கட்டளை வரியில் எழுதப்படும் எதையும் செயல்களின் பட்டியலில் பிற பயனர்கள் காண முடியும். கடவுச்சொல்லை உள்ளீட்டின் வழியாகத் தருவதே பாதுகாப்பானது.

கடவுச்சொற்கள்

வகுப்பு முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் தருவது வழக்கில் இருந்தாலும் தவிர்க்க வேண்டியது. ஒவ்வொருவருக்கும் தற்போக்கில் உருவாக்கிய கடவுச்சொல்லைத் தருவது நிரலுக்குக் கூடுதல் சுமை அன்று. தாளில் அச்சிட்டுத் தரும்போது, ஒன்றுக்கொன்று குழப்பம் தரும் எழுத்துகளையும் எண்களையும் தவிர்க்க வேண்டும். இலத்தீன் எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்த 62 குறிகளில் குழப்பம் தரும் ஐந்தை நீக்கினால் 57 எஞ்சும். அவற்றிலிருந்து எட்டுக் குறிகள் கொண்ட கடவுச்சொற்கள் சுமார் 111 இலட்சம் கோடி அமையும். வலையமைப்பு வழியாக ஊகித்து நுழைய முயல்வோரைத் தடுக்க இது போதுமானது.

முதல் நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்றும்படி கட்டாயப்படுத்த ‘சேஜ்’ கட்டளையில் கடைசி மாற்ற நாளைச் சுழியம் என இடுவர். ஒருநாள் பட்டறையில் இது காலத்தை வீணாக்கக்கூடும். சில வாரம் நீளும் வகுப்பில் இது தேவையானது.

மாதிரி அடைவும் வரம்புகளும்

வகுப்புக்குத் தேவையான பயிற்சிக் கோப்புகளை ஒரு மாதிரி அடைவில் வைத்தால், யூசர்ஆட் கட்டளை அவற்றை ஒவ்வொரு புதிய வீட்டு அடைவுக்கும் நகலெடுக்கும். வட்டு ஒதுக்கீடு இட்டால் ஒருவர் வட்டு முழுவதையும் நிரப்புவது தடுக்கப்படும். ஒருவருக்கு 2 கிகாபைட் எனில் 30 பேருக்கு 60 கிகாபைட் என முன்கூட்டியே கணக்கிடலாம். நிரலாக்க வகுப்புகளில் ஒருவர் தொடங்கக்கூடிய செயல்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். புதிய செயல்களை உருவாக்கும் பாடத்தில், முடிவின்றித் தன்னைப் பெருக்கும் ஒரு நிரல் வழங்கி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும்.

காலாவதி

நிழற்கோப்பில் காலாவதி நாள் 1970 சனவரி 1 முதல் கடந்த நாட்களின் எண்ணிக்கையாக எழுதப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, 2025 சனவரி 1 என்பது 20089 ஆகும். அந்நாள் முதற்கொண்டு கணக்கில் நுழைய முடியாது. ஆகவே வகுப்பின் கடைசி நாளையே காலாவதி நாளாக இட்டால், பயிலுநர்கள் கடைசி நாளன்று வெளியே நிற்க நேரிடும். கடைசி நாளுக்கு அடுத்த நாளை இட வேண்டும். இந்த நாட்கணக்கு ஒருங்கிணைந்த உலக நேரப்படி அமைவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் காலை 5.30 மணிக்கே காலாவதி நடைமுறைக்கு வரும். இரவில் வேலை செய்வோருக்கு இது வேறுபாடாகத் தோன்றும்.

காலாவதி நாளின் பெருநன்மை, நீக்கும் நிரல் இயங்காமற்போனாலும் கணக்குத் தானே மூடப்படுவது ஆகும். ஆனால் இது நுழைவின்போது மட்டுமே சரிபார்க்கப்படுகின்றது. ஏற்கனவே நுழைந்திருப்பவரின் அமர்வு இதனால் முடிவதில்லை.

கடவுச்சொல்லைப் பூட்டுவது வேறு, கணக்கைக் காலாவதியாக்குவது வேறு. பூட்டும்போது நிழற்கோப்பில் உள்ள மறைவடிவத்தின் முன் ஒரு வியப்புக்குறி சேர்க்கப்படுகின்றது. அதனால் கடவுச்சொல் செல்லாததாகும். பயிலுநர் பாதுகாப்புக் கூடு எனப்படும் எஸ்எஸ்எச் வழியாகத் திறவி மூலம் நுழையும் வசதியை அமைத்திருந்தால், கடவுச்சொல் பூட்டிய பின்னும் அவரால் நுழைய முடியும். எனவே மூடுவதற்குக் காலாவதியையே பயன்படுத்த வேண்டும்.

நீக்கம்

நீக்கத்தின் படிகளை வரிசை மாறாமல் செய்தல் வேண்டும்.

1. கணக்கை உடனே காலாவதியாக்குதல். இதன்பின் புதிய நுழைவு இல்லை.
2. அக்கணக்கின் இயங்கும் செயல்களை நிறுத்துதல். இதனை முதலில் செய்தால் பயனர் மீண்டும் நுழைந்து செயல்களைத் தொடங்கலாம்.
3. நேர அட்டவணைப் பணிகளை நீக்குதல்.
4. வீட்டு அடைவைச் சுருக்கி ஆவணக்காப்பில் வைத்தல்.
5. வீட்டு அடைவுக்கு வெளியே அப்பயனர் எண்ணுக்கு உரிய கோப்புகளைத் தேடிப் பட்டியலிட்டு நீக்குதல்.
6. ‘யூசர்டெல்’ கட்டளையால் கணக்கையும் வீட்டு அடைவையும் அஞ்சற்பெட்டியையும் நீக்குதல்.
7. எண்ணையும் நாளையும் பதிவேட்டில் குறித்தல்.

பயனரின் செயல்கள் இயங்கிக்கொண்டிருந்தால் யூசர்டெல் கட்டளை நீக்க மறுத்து 8 என்னும் முடிவுக்குறியைத் தரும். அத்தகைய கணக்கு இல்லையெனில் 6 என்னும் குறியைத் தரும். இவற்றை நிரல் வேறுபடுத்திக் காண வேண்டும். கணக்கு ஏற்கனவே இல்லை என்பது பிழை அன்று. நீக்க முடியவில்லை என்பதே நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டியது.

நான்காம் படி தவிர்க்கத்தக்கது அன்று. வகுப்பு முடிந்து சில நாட்கள் கழித்துத் தம் பயிற்சிக் கோப்பைக் கேட்டு வருவோர் உண்டு. மூடும் நாளுக்கும் நீக்கும் நாளுக்கும் இடையே இரண்டு வாரமோ ஒரு மாதமோ இடைவெளி விட்டு, அதனை வகுப்பின் முதல் நாளிலேயே அறிவித்துவிடுவது நல்ல நடைமுறை. ஆவணக்காப்பும் என்றென்றைக்கும் இருக்கலாகாது. அதற்கும் ஒரு முடிவு நாள் தேவை.

பயனர் எண் மறுபயன்பாடு

யூசர்ஆட் கட்டளை, எண் எதுவும் தரப்படாவிட்டால், பயன்பாட்டில் உள்ள மிகப்பெரிய பயனர் எண்ணுக்கு அடுத்த எண்ணை எடுத்துக்கொள்கின்றது. பயிற்சி வகுப்புகளில் இது நேரடியாகச் சிக்கலுக்கு இட்டுச்செல்கின்றது. முதல் வகுப்பின் 30 பயிலுநர்களும் 1005 முதல் 1034 வரையான எண்களைப் பெறுகின்றனர் எனக் கொள்வோம். வகுப்பு முடிந்து கணக்குகள் நீக்கப்படுகின்றன. அடுத்த வகுப்பின் 30 பேருக்கும் அதே எண்கள் கிடைக்கின்றன. முதல் வகுப்பினர் பொதுஅடைவிலோ வேறு வட்டிலோ விட்டுச்சென்ற கோப்புகள் அனைத்தும் இப்போது இரண்டாம் வகுப்பினருக்கு உரியவை ஆகிவிடும். பிறர் படிக்க முடியாதவாறு மூடி வைத்த கோப்புகளும் இவ்வாறே திறந்துகொள்ளும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. கணக்குகளின் பெயர்கள் முற்றிலும் வேறாக இருந்தாலும் இது நிகழும்.

இதனைத் தவிர்க்க வகுப்புகளுக்கெனத் தனி எண்வரம்பை ஒதுக்கி, எண்களை ஏறுவரிசையில் மட்டும் வழங்கி, கடைசியாக வழங்கிய எண்ணை ஒரு கோப்பில் காப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, 20000 முதல் 29999 வரை ஒதுக்கினால், வாரந்தோறும் 30 பேர் எனினும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அவ்வரம்பு போதும். இத்துடன் உரிமையாளர் இல்லாத கோப்புகளை ‘ஃபைண்ட்’ கட்டளையால் குறித்த காலத்தில் தேடுவதும் தேவை. அக்கட்டளையில் இதற்கெனவே ஒரு விருப்பக்குறி உள்ளது.

நாள்தோறும் இயங்கும் நிரல்

நீக்கும் பணியை ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனியாக நேரம் குறித்து வைப்பதைவிட, நாள்தோறும் ஒருமுறை இயங்கிப் பதிவேட்டைப் பார்க்கும் நிரலே நம்பகமானது. அந்நிரல் ‘இன்று முடியும் வகுப்புகள்’ எனத் தேடாமல், ‘இன்றோ இதற்கு முன்போ முடிந்து இன்னும் நீக்கப்படாத வகுப்புகள்’ எனத் தேட வேண்டும். மின்தடையால் வழங்கி ஒருநாள் நின்றிருந்தாலும் மறுநாள் அது விடுபட்டதைச் செய்து முடிக்கும்.

இருமுறை இயக்கினாலும் ஒருமுறை இயக்கியதன் விளைவே இருப்பது இத்தகைய நிரலின் இன்றியமையாத பண்பு. 17ஆம் பெயரில் நிரல் நின்றுபோனால், பிழையைத் திருத்தி மீண்டும் தொடக்கத்திலிருந்து இயக்க முடிய வேண்டும். ஏற்கனவே உள்ள பெயரை உருவாக்க முயன்றால் யூசர்ஆட் 9 என்னும் முடிவுக்குறியைத் தரும். அப்போது அக்கணக்கு இதே வகுப்பினதா என்று பதிவேட்டில் சரிபார்த்து, ஆம் எனில் அடுத்த பெயருக்குச் செல்லலாம். இல்லையெனில் நின்றுவிட வேண்டும். வேறொருவரின் கணக்கில் புதிய கடவுச்சொல்லை இடுவது, கணக்கு உருவாகாமற்போவதைவிடப் பெரிய தீங்கு.

தானியக்க நீக்கத்தின் இடர்கள்

கையால் செய்யும் பிழை ஒரு கணக்கைக் கெடுக்கும். நிரலின் பிழை எல்லாக் கணக்குகளையும் கெடுக்கும். குறிப்பாக, அடைவின் பெயரை ஒரு மாறியிலிருந்து எடுத்து அழிக்கும் நிரலில், அம்மாறி வெறுமையாக இருந்தால் மேலடைவு முழுவதும் அழியும். 2015 சனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளில் இதே வகைப் பிழை வெளிப்பட்டது. நிறுவிய இடத்தைக் குறிக்கும் மாறி வெறுமையானதால் பயனர் கோப்புகள் அழிந்தன.

இத்தகைய இடர்களைக் குறைக்கப் பின்வரும் காப்புகள் பயன்படுகின்றன.

• பெயரின் அமைப்பைக் கொண்டு மட்டும் நீக்காமல், பதிவேட்டில் உள்ள பெயரும் எண்ணும் பொருந்தினால் மட்டுமே நீக்குதல்.
• பயனர் எண் வகுப்புகளுக்கான வரம்புக்குள் இல்லையெனில் மறுத்தல். இதனால் நிர்வாகி, ஆசிரியர் கணக்குகள் ஒருபோதும் அழியா.
• வெறுமையான மாறியைக் கண்டால் உடனே நிற்றல்.
• ஒரே நாளில் எதிர்பார்த்த எண்ணிக்கையைவிட மிகுதியான கணக்குகள் நீக்கத்துக்கு வந்தால் நிறுத்தி நிர்வாகிக்குத் தெரிவித்தல்.
• உண்மையில் எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் அச்சிடும் ஒத்திகை முறை.

விண்டோஸ் வலையமைப்புகளில்

விண்டோஸில் தனிக்கணினிக் கணக்குகளை ‘நெட் யூசர்’ கட்டளையால் உருவாக்கலாம். காலாவதி நாளையும் நுழைய அனுமதிக்கப்படும் மணிகளையும் அதிலேயே குறிக்கலாம். மாலை வகுப்புக்கு மாலையில் மட்டும் நுழைவு அளிப்பது இதனால் எளிது. ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி நிறுவன அலகு அமைத்து, 2006இல் வெளிவந்த பவர்ஷெல் மொழியின் கட்டளைகளால் பட்டியலைப் படித்துக் கணக்குகளை உருவாக்குவது பரவலான முறை. இங்கும் காலாவதி நாளாக ஒரு நாளை மட்டும் தந்தால் அது அந்நாளின் நள்ளிரவுத் தொடக்கமாகக் கொள்ளப்படும். எனவே கடைசி நாளுக்கு அடுத்த நாளையே தர வேண்டும்.

விண்டோஸ் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பாதுகாப்பு அடையாள எண்ணை வழங்குகின்றது. நீக்கப்பட்ட கணக்கின் எண் மீண்டும் வழங்கப்படுவதில்லை. எனவே லினக்ஸில் கூறப்பட்ட மறுபயன்பாட்டுச் சிக்கல் இங்கு எழுவதில்லை. ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. தவறுதலாக நீக்கிய கணக்கை அதே பெயரில் மீண்டும் உருவாக்கினாலும் பழைய உரிமைகள் திரும்பா. 2009இல் வெளிவந்த விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2 பதிப்பில் சேர்க்கப்பட்ட மீட்புத்தொட்டி, நீக்கிய கணக்கை அதன் அடையாள எண்ணுடன் மீட்க உதவுகின்றது. மேலும், கணக்கை அடைவிலிருந்து நீக்கினாலும், பயிலுநர் நுழைந்த ஒவ்வொரு கணினியிலும் அவரது பயனர் கோப்புறை எஞ்சியிருக்கும். பழைய கோப்புறைகளைக் குறித்த நாட்களுக்குப்பின் நீக்கும் குழுக்கொள்கை இதற்கு உதவும்.

அடைவுச் சேவைகளும் நிலை மேலாண்மையும்

பல லினக்ஸ் கணினிகள் உள்ள கூடத்தில் எல்டாப் அடைவில் கணக்குகளை வைப்பது வழக்கம். 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2307 ஆவணம், நிழற்கோப்பின் காலாவதிப் புலம் உட்பட யுனிக்ஸ் கணக்கு விவரங்களை எல்டாப்பில் வைக்கும் முறையை வரையறுத்தது.

கணினியின் நிலையை விவரித்து, அந்நிலைக்குக் கொண்டுவரும் பணியை மென்பொருளிடம் விடும் கருவிகளும் உள்ளன. 1993இல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்கஸ் உருவாக்கிய சிஎஃப்எஞ்சின், 2005இல் வெளிவந்த பப்பெட், 2012இல் வெளிவந்த ஆன்சிபிள் ஆகியவை இவ்வகையின. ‘இக்கணக்கு இருக்க வேண்டும்’, ‘இக்கணக்கு இருக்கக்கூடாது’ என எழுதினால் போதும். இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பட்டியலிலிருந்து ஒரு பெயரை வெறுமனே எடுத்துவிட்டால் அக்கணக்கு நீங்காது. கருவி அதனைக் கவனிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவே. ‘இருக்கக்கூடாது’ என்று வெளிப்படையாக எழுதினால் மட்டுமே நீக்கம் நடைபெறும்.

மாற்று முறைகள்

• மீள்பயன்பாட்டுக் கணக்குகள்: நிலையான 30 கணக்குகளை வைத்து, ஒவ்வொரு வகுப்புக்கும் கடவுச்சொல்லை மாற்றி வீட்டு அடைவை வெறுமையாக்குதல். எளியது. ஆனால் முந்தைய வகுப்பினர் வெளியே விட்ட கோப்புகளையும் நேர அட்டவணைப் பணிகளையும் தேடி நீக்காவிட்டால் எண் மறுபயன்பாட்டுச் சிக்கல் இதிலும் உண்டு.
• விருந்தினர் அமர்வு: வெளியேறியதும் அனைத்தும் அழியும். அடுத்த நாள் தொடர வேண்டிய பாடங்களுக்கு ஏற்றதன்று.
• கணினியைப் பழைய நிலைக்கு மீட்டல்: பொதுக் கணினிகளுக்காக மைக்ரோசாப்ட் வழங்கிய விண்டோஸ் ஸ்டெடிஸ்டேட் இவ்வகையினது. அது 2010 இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது.
• நேரடி வட்டு: 2000இல் வெளிவந்த நாப்பிக்ஸ் போன்று, வன்தட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே இயங்கும் லினக்ஸ்.
• மெய்நிகர் கணினிகளும் கொள்கலன்களும்: ஒவ்வொரு பயிலுநருக்கும் தனிக் கணினி போன்ற சூழலைத் தந்து, வகுப்பு முடிந்ததும் சூழலையே நீக்குதல். வாடகை மேகக்கணிமையில் நீக்க மறந்தால் பாதுகாப்பு இடருடன் கட்டணமும் சேரும்.

பாதுகாப்பு

கைவிடப்பட்ட கணக்கின் இடருக்குப் புகழ்பெற்ற சான்று 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிடைத்தது. கணினி நேரக் கட்டணக் கணக்கில் 75 செண்ட் வேறுபாட்டை ஆராயத் தொடங்கிய கிளிஃபர்ட் ஸ்டோல், அயலார் ஒருவர் முறைமையில் ஊடுருவியிருப்பதைக் கண்டார். அவர் பயன்படுத்திய கணக்குகளுள் ஒன்று, ஆய்வகத்தை விட்டு வெளிநாடு சென்றுவிட்ட ஒருவருடையது. ஊடுருவியவர் மேற்கு ஜெர்மனியிலிருந்து இயங்கியது பின்னர்க் கண்டறியப்பட்டது. ஸ்டோல் இதனை 1989இல் நூலாக எழுதினார்.

இணையத்தில் திறந்துள்ள வழங்கிகளில் ‘டெஸ்ட்’, ‘கெஸ்ட்’, ‘ஸ்டூடன்ட்’ போன்ற பொதுப் பெயர்களைத் தானியங்கி நிரல்கள் இடைவிடாது முயன்று பார்க்கின்றன. எளிய கடவுச்சொல்லுடன் விடப்பட்ட ஒரு பயிற்சிக் கணக்கே அவற்றுக்குப் போதுமானது. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட பாதுகாப்புக் கட்டுப்பாடுகளின் தொகுப்பான 800-53 ஆவணம், தற்காலிகக் கணக்குகள் குறித்த காலத்துக்குப்பின் தானாகவே முடக்கப்படவோ நீக்கப்படவோ வேண்டும் எனத் தனிக் கட்டுப்பாடாகவே கூறுகின்றது.

பெயர்ப்பட்டியலும் கடவுச்சொல் தாள்களும் தனிநபர் விவரங்களே. கணக்குகள் நீக்கப்படும்போது அவையும் அழிக்கப்பட வேண்டும். நிரலின் செயற்பதிவில் கடவுச்சொற்கள் எழுதப்படலாகாது.

சோதித்தல்

புதிய தானியக்க நிரலை முதலில் ஒரு மெய்நிகர் கணினியில், இரண்டு போலிப் பயிலுநர் கொண்ட ஒருநாள் வகுப்பை வைத்துச் சோதிப்பது பரிந்துரைக்கப்படுகின்றது. கணக்கு உருவானதா என்பதோடு, அதில் நுழைய முடிகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். தற்காலிக அடைவில் ஒரு கோப்பையும், நேர அட்டவணையில் ஒரு பணியையும், ஒரு திறவியையும் விட்டுவைத்துப் பின்னர் நீக்கும் நிரலை இயக்க வேண்டும். மூன்றும் எஞ்சாமல் நீங்கினால் மட்டுமே நீக்கம் முழுமையானது. இறுதியாக ஆவணக்காப்பிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்க வேண்டும்.

கலைச்சொற்கள்

• இயங்குதளம் – ஆப்பரேட்டிங் சிஸ்டம்
• வழங்கி – சர்வர்
• அடைவு – டைரக்டரி
• பயனர் எண் – யூசர் ஐடி
• நிழற்கோப்பு – ஷாடோ ஃபைல்
• வட்டு ஒதுக்கீடு – டிஸ்க் கோட்டா
• முடிவுக்குறி – எக்ஸிட் கோட்
• கொள்கலன் – கன்டெய்னர்

இவற்றையும் பார்க்க

• கடவுச்சொல்
• நேரப்பகிர்வு
• யுனிக்ஸ்
• எல்டாப்
• கணினிப் பாதுகாப்பு